அந்த ஆளுகிட்ட சொல்லு

— குருவி எங்கயும் வரமாட்டா டீச்சர். முதல்ல அந்தப் பெட்டிய கீழ வைங்க. என் வீட்டுல அவளுக்கு என்ன குறை வச்சேன்? என் பொண்ணோட ரூமையே ஒழிச்சுக் குடுத்தேன். வெந்நீர் வச்சு, சுடச்சுட சமைச்சுப் போட்டு, தலை பின்னி விட்டு, குருவின்னு செல்லப்பேரும் வச்சு... வேற வீட்டுக்கு மாத்துறேன்னு வந்து நிக்கிறீங்களே, மனசுன்னு ஒண்ணு இருக்கா உங்களுக்கு?

— சாப்பாட்டுக்கா பிள்ளைங்கள கடல் தாண்டிக் கூட்டிட்டு வந்திருக்கேன்? உங்கள மாதிரி குடும்பத்துல தங்கி, உங்க மொழியப் பேசக் கத்துக்கட்டும்னு வந்திருக்கோம்மா. மத்ததுங்க கடைத்தெருவுல பேரமே பேசுதுங்க. இவ என்ன பேசுறா தெரியுமா?

— நல்லாத்தானே பேசுறா!

— இன்னிக்கு ஹெட்மாஸ்டர் வகுப்புக்கு வந்தாரு. சாருக்கு வணக்கம் சொல்லுன்னேன். எழுந்து நின்னு, அவர விட்டுட்டு என்னப் பார்த்து, "அந்த ஆளுகிட்ட சொல்லு, சோறு ஆறுதுன்னு" அப்படிங்கிறா!

— ஹஹ்ஹா... ஐயோ, என் குருவி!

— சிரிக்காதீங்கம்மா, எனக்குப் பத்திக்கிட்டு வருது! யாருகிட்டயும் நேரா பேசமாட்டேங்குறா. பக்கத்துல நிக்கிறவங்ககிட்ட சொல்லி அனுப்புறா. இந்த ஊருல மனுஷங்க பேசிக்கிறதே இப்படித்தான்னு நினைச்சிருக்கா!

— அதுக்கு என்னைய ஏன் கேக்குறீங்க? அதோ, பேப்பருக்குள்ள மூஞ்சிய வச்சிக்கிட்டு உக்காந்திருக்காரே என் வீட்டுக்காரரு, அவரக் கேளுங்க. பெத்த பொண்ண வெளிய போடின்னவரு. அவள வாயத் திறந்து திரும்பக் கூப்பிடுற வரைக்கும் ஒத்த வார்த்தை பேசமாட்டேன்னுட்டேன். அவருக்கும் ரோஷம், அன்னிலேர்ந்து வாயே திறக்கல. நடுவுல இந்தப் பிள்ளை இல்லன்னா சோத்துக்குக் கூப்பிடக்கூட ஆள் கிடையாது.

— டீச்சர், அவகிட்ட சொல்லுங்க, படிப்ப பாதியில விட்டுட்டு மருந்துக்கடையில போய் நின்னா எந்த அப்பனுக்கும் கோவம் வரும்னு.

— டீச்சர், அவருகிட்ட சொல்லுங்க, கோவம் வந்தா திட்டணும், வாசலக் காட்டக்கூடாதுன்னு!

— என்னையும் பிடிச்சுக்கிட்டீங்களா? நான் என்ன உங்க வீட்டுத் தபால்காரியா? போதும்மா சாமி! குருவி, செருப்ப மாட்டு. கிளம்பு.

— அம்மா, டீச்சர்கிட்ட சொல்லு, நான் வரமாட்டேன். எனக்கு வேலை இருக்கு.

— உனக்கு என்ன வேலை?

— அம்மா, டீச்சர்கிட்ட சொல்லு, அப்பா காலைல ரகசியமா சொன்னாங்க. மருந்துக்கடை அக்காகிட்ட சொல்லு, வீட்டுக்கு வரச் சொல்லுன்னு. நான் பஸ் ஸ்டாப்ல இறங்கி, போய் சொன்னேன். அக்கா சொன்னத அப்பாகிட்ட இன்னும் சொல்லல.

— என்னது! இவரா? இந்த மனுஷனா சொல்லி விட்டாரு? அடப்பாவி, என்கிட்ட மூச்சு விடலியே... அவ என்ன சொன்னா குருவி? வராளாமா?

— அக்கா கத்தினாங்க. "அந்த ஆளுகிட்ட சொல்லு, ஆள் விட்டுக் கூப்பிட்டா வரமாட்டேன். வெளிய போடின்னு சொன்னாருல்ல, அதே வாயால வந்து கூப்பிடச் சொல்லு."

— அப்படிக் கேளுடி என் தங்கமே! டீச்சர், அவருகிட்ட சொல்லுங்க, காதுல நல்லா விழுந்துச்சான்னு...

— டீச்சர விடுடி. என் செருப்ப எங்க வச்சே? அவ கடை சாத்துறதுக்குள்ள போகணும்.