மாந்துபியருக்குத் திதி இல்லை

தண்ணீர் நெஞ்சுக்கு வருகிறது. காலுக்கடியில் சேறு. முன்னால் ஒரு தலை. அதற்கு முன்னால் இன்னொரு தலை. பொட்டலத்தைத் தலையில் வைத்து நடக்கிறோம். எங்கோ 'டொப்' என்கிறது. எறிகணை புறப்படும் சத்தம். குத்துவது என்று சொல்வோம்.

"குத்திட்டான்! தாழுங்கோ!"

என் கணவரின் குரல். வரிசையின் கடைசி ஆள் அவர். மூச்சைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் போகிறேன். காதில் அறைந்தது போல் ஓர் அதிர்வு. எழும்புகிறேன். மறுபடி 'டொப்'.

"திரும்பிப் பாராதை மலர், நட!"

நடந்தேன். மூன்றாவது விழுந்த பிறகு திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் யாரும் இல்லை. தண்ணீர் ஆடிக்கொண்டிருந்தது.

2009, பங்குனி. நந்திக்கடல். விடியுமுன். கிழக்கே நாங்கள் விட்டு வந்த கரை. மேற்கே இராணுவத்தின் மண் அணை. எந்தப் பக்கம் குத்தியது என்று எனக்குத் தெரியாது. தெரியாததை எழுத மாட்டேன். பங்குனி என்பது நிச்சயம். திகதி நிச்சயமில்லை. பங்கருக்குள், பதுங்குகுழிக்குள், கிடந்தபோது நாட்கணக்குத் தவறிவிட்டது. சிறு வயதிலிருந்தே எல்லாவற்றுக்கும் திகதி போடுகிறவள் நான். அந்த ஒரு திகதி என்னிடம் இல்லை.

கரையேறிய பிறகு தேடினேன். ஓமந்தைச் சோதனைச் சாவடியில் அவரைப் பேருந்தில் ஏற்றியதைக் கண்டதாக ஒருவர் சொன்னார். பிறகு அவரே அது வேறு ஆளாக இருக்கலாம் என்றார். அந்த முதல் வார்த்தையை வைத்துக்கொண்டு பல ஆண்டுகள் இருந்தேன்.

மாந்துபியரைப் பற்றி வில்லாவுட் தடுப்பு முகாமில் அறிந்தேன். படகில் ஆஸ்திரேலியாவுக்கு வந்த எங்களை அங்கே வைத்திருந்தார்கள். யாரோ கொடுத்த பழைய புத்தகங்கள் ஒரு அலமாரி நிறைய இருந்தன. அதில் ஒன்று ரோமரின் போர்களைப் பற்றியது. அகராதியோடு உட்கார்ந்து வாசித்தேன். வெளியே வந்த பிறகு சிட்னி நூலகங்களில் மீதியைத் தேடினேன்.

கி.மு. 52. இன்றைய பிரான்சில் ஒரு குன்று. மேலே அலேசியா என்ற ஊர். மாந்துபியர் என்ற சிறிய கெல்டிய இனத்தின் ஊர் அது. ரோமை எதிர்த்த படை பின்வாங்கி அங்கே வருகிறது. மாந்துபியர் அவர்களை உள்ளே எடுக்கிறார்கள். ரோமப் படை குன்றைச் சுற்றி அகழி வெட்டுகிறது. மண் அணை கட்டுகிறது. உள்ளே தானியம் முடிகிறது. சண்டைக்கு உதவாதவர்கள் வெளியே போகட்டும் என்று முடிவாகிறது. வெளியே தள்ளப்பட்டவர்கள் அந்த ஊரின் சொந்தக்காரர். மாந்துபியர். மனைவிமாரோடு, பிள்ளைகளோடு.

குன்றிலிருந்து இறங்குகிறார்கள். ரோமரின் அணைக்கு வருகிறார்கள். அழுகிறார்கள். அடிமைகளாக எடுங்கள், சாப்பாடு மட்டும் தாருங்கள் என்கிறார்கள். ரோமத் தளபதி அணையின் மேல் காவல் போடுகிறான். ஒருவரையும் எடுக்கக் கூடாது என்பது கட்டளை.

இதை அந்தத் தளபதியே எழுதி வைத்தான். அகழி எத்தனை அடி அகலம் என்று எழுதினான். முற்றுகையை உடைக்க எந்த இனம் எத்தனை பேரை அனுப்பியது என்று எழுதினான். மாந்துபியர் எத்தனை பேர் என்று எழுதவில்லை. செத்தார்கள் என்றுகூட எழுதவில்லை. அடுத்த வசனத்தில் வேறு விஷயம் தொடங்கிவிடுகிறது. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்து இன்னொருவர் எழுதினார். ஊருக்கும் முகாமுக்கும் நடுவே மாண்டார்கள் என்றார். அவரும் நாளைச் சொல்லவில்லை.

ஊர் விழுந்த பிறகு, பிடிபட்டவர்களைச் சிப்பாய்க்கு ஒருவராகப் பங்கிட்டுக் கொடுத்தான் தளபதி. அடிமைகளாக. மாந்துபியர் கெஞ்சியது அதற்குத்தான்.

ஒன்றைச் சரியாகச் சொல்ல வேண்டும். அவர்களை உள்ளே இருந்தவர்கள் துரத்தினார்கள். எங்களை உள்ளே ஆயுதத்தோடு இருந்தவர்கள் போக விடவில்லை. இரண்டும் ஒன்றல்ல. நடுவில் அகப்பட்டது மட்டும் ஒன்று.

இந்த ஆண்டு ஆனி. சிட்னி, மேய்ஸ் ஹில் முருகன் கோயில். ஞாயிற்றுக்கிழமை. வாகனத் தரிப்பிடத்தில் நிர்மலா மச்சாளும் நானும். மச்சாள் என் கணவரின் அக்கா. மச்சாளுக்கு இதயச் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். தம்பியின் திவசத்துக்கு ஒரு நாளை வைத்துவிட்டுத்தான் அதற்குப் போவேன் என்று நின்றார். எங்கள் திவசம் ஆங்கிலத் திகதிக்கு நடப்பதில்லை. இறந்த நாளின் திதிக்கு, அதாவது நிலாவின் கணக்குக்கு நடக்கும்.

"ஐயரிட்டக் கேட்டனான். திதி தெரியாட்டி ஆடி அமாவாசையில எல்லாரோடையும் சேர்த்துச் செய்யலாமாம்."

"எல்லாரோடையுமோ?"

"பின்னே? நாள் தெரியாத ஆக்களுக்கு அதுதானே."

மச்சாள் காரின் கதவைத் திறந்துகொண்டு நின்றார்.

"ரோமாபுரிக்காரன் சண்டை பிடிச்ச வருசம் எல்லாம் உனக்குப் பாடம். என்ர தம்பியின்ர நாள் மட்டும் தெரியாது, என்ன?"

"திகதி தெரியாது மச்சாள்."

"கழுத்தில கிடக்கிறதைக் கழட்டச் சொல்லி நான் கேக்கேல்லை. அவனுக்கு ஒரு பிடி சோறு வைக்கோணும். அவ்வளவுதான்."

திகதி தெரியாது என்பது உண்மை. ஆனால் நந்திக்கடலில் திரும்பிப் பார்த்தபோது நான் ஒன்றைக் கண்டேன். விட்டு வந்த கரையில், பனைகளுக்கு மேல், பிறை நின்றது. வெட்டிப் போட்ட நகம் போல. விடியுமுன் கிழக்கே நிற்பது தேய்பிறை. அத்தனை மெலிவு என்றால் அமாவாசை கிட்ட. இங்கே சிட்னியில் பல விடியற்காலைகளில் பின்முற்றத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பிறை இங்கே வேறு பக்கம் சாய்கிறது. மெலிவு அதேதான். திரயோதசிப் பிறை நான் கண்டதைவிடத் தடிப்பு. அமாவாசையில் பிறையே இல்லை. நடுவில் இருப்பது ஒரு திதிதான்.

அதைச் சொன்னால் அவர் இறந்தவர். சொல்லாதவரை காணாமல் போனவர். காணாமல் போனவர் என்ற சொல்லில் ஒரு கதவு திறந்திருக்கும். அந்தக் கதவால் இத்தனை ஆண்டுகளில் ஒருவரும் வரவில்லை. மாந்துபியருக்கு இரண்டாயிரம் ஆண்டுகளாக யாரும் ஒரு நாளை வைக்கவில்லை. இவரையும் அந்தக் கூட்டத்தில் விட எனக்கு மனம் வரவில்லை.

"மச்சாள். பங்குனி. தேய்பிறைச் சதுர்த்தசி."

எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. காரின் இருக்கையில் பக்கவாட்டாக உட்கார்ந்தார். கால் இரண்டும் வெளியே. பக்கத்தில் ஒரு குடும்பம் பால் குடத்தை இறக்கிக்கொண்டிருந்தது.

"கடைசியில கத்தினவனோ?"

"ஓம். என்னை நடக்கச் சொல்லி."

"அவன் அப்பிடித்தான்" என்றார். "எல்லாருக்கும் சொல்லுவான். தான் கேக்கமாட்டான்."

ஐயரிடம் திதியைச் சொல்ல அவர் உள்ளே போனார். நான் போகவில்லை.

இழந்தவை. புதுக்குடியிருப்பில் ஒரு வீடு. கிணறு. ஒரு தையல் மெசின். இரண்டு மாடுகள், அவிழ்த்து விட்டோம். கல்யாணப் படங்கள் எல்லாம்.

இழந்தவர்கள். அம்மா. மாசி, வலைஞர்மடம், எறிகணை. என் தம்பி. மாசி, அதே எறிகணை. தம்பியின் மகள், மூன்று வயது. பங்குனி, மாத்தளன், காய்ச்சல், மருந்து இல்லை. மூவரையும் நாங்களே மண்ணில் வைத்தோம். எந்த விசாரணையில் கேட்டாலும் மூன்று பேர் என்றே சொல்லி வந்தேன்.

மாந்துபியர் எத்தனை பேர் என்பது தெரியாது.

எங்களில் நான்கு பேர்.