ஒன்பது வயதிலேயே நிறுத்தப்பட்ட சிறுமியைக் கண்டெடுத்தவருக்கு

ஏடு புரட்டி ஏய்ப்பை எடுத்துக் காட்டியவரே! தூசியில் துயின்ற தொகைகளைத் தட்டி எழுப்பியவரே! பதவி உயர்வு பறிபோனபோதும் பதிவேட்டைப் பற்றிய பிடியைத் தளர்த்தாதவரே! விரிவுரையாளராகச் சேர்ந்து, முப்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து விரிவுரையாளராகவே, ஆனால் தலை நிமிர்ந்தே விடைபெறும் எங்கள் பொருளாதார வரலாற்று ஆசிரியரே! மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் "பூதக்கண்ணாடி" என்று அழைக்க, அதைக் காதில் வாங்கியும் வாங்காதவராய் நடந்து சென்ற அம்மையாரே, உங்களுக்கு எங்கள் வணக்கம்.

இம்மடலை வாசிக்கும் முன் தம் பார்வைக்கு அனுப்ப வேண்டும் என்று கல்லூரி நிர்வாகம் கேட்டது. அனுப்பினோம். திரும்பி வந்தபோது இரண்டே பத்திகள் மிச்சம் இருந்தன. ஒன்று பணியாற்றிய ஆண்டுகளைப் பற்றியது, மற்றது பழகிய பண்பைப் பற்றியது. மீதி முழுவதும் சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தது. அடித்ததை வாசிப்பதானால் விழா அரங்கு கிடையாது என்றார்கள். அதனால்தான் இன்று நகரப் பொது நூலகத்தின் வாசிப்பறையில், செய்தித்தாள் மேசைகளை ஓரம் தள்ளிவிட்டு, மடக்கு நாற்காலிகளில் நெருக்கி அமர்ந்திருக்கிறோம். அடிக்கப்பட்டவற்றில் ஒரு வரியைக்கூட நாங்கள் விடப்போவதில்லை.

அம்மையாரின் கதையை அம்மையாரிடமே சொல்வது மிகை. ஆயினும் இங்கே கூடியிருப்போரில் பாதிப்பேருக்கு நடந்தது முழுவதும் தெரியாது. ஆகவே அவரை முன்வரிசையில் வைத்துக்கொண்டே சற்று நேரம் அவையை நோக்கிப் பேசுகிறோம். குறுக்கிட்டுத் திருத்தும் உரிமை வழக்கம்போல் அவருக்கு உண்டு.

அவையோரே! அம்மையார் பணியில் சேர்ந்த மூன்றாம் ஆண்டில் அரசு ஆவணக் காப்பகத்தின் கீழ்த்தளத்துக்கு முதன்முதலாகப் போனார். பழைய அடிமைச் சட்டத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்துப் போனவர், பத்தொன்பது ஆண்டுகள் சனிக்கிழமை தவறாமல் போனார். அங்கே பேனா கொண்டுபோகக் கூடாது, பென்சில் மட்டும்தான். புழுதிக்கு மூக்கடைப்பு வரும். வீட்டுக்குப் போனால் கைக்குட்டை கருப்பாகியிருக்கும். இருபத்திரண்டு குறிப்பேடுகள் நிறைந்தன.

அவர் கண்டது என்ன என்பதை அவர் வகுப்பில் சொல்லும் முறையிலேயே சொல்கிறோம். பழைய சட்டத்தில் அடிமை என்பவர் வண்டி, மாடு ஆகியவற்றோடு சேர்த்து எழுதப்பட்ட அசையும் சொத்து. ஆனால் அதே அடிமை எதையாவது எடுத்துவிட்டால், சட்டம் அவரை மனிதராக்கிக் கூண்டில் ஏற்றித் தண்டிக்கும். திருடினால் மனிதர், திருடப்பட்டால் பொருள். இந்தப் பொருளுக்கு உடைமையாளர் ஆண்டுதோறும் தலைவரி கட்ட வேண்டும். பத்து வயது நிரம்பிய ஒவ்வொரு தலைக்கும் வரி உண்டு, அதற்குக் குறைந்தால் இல்லை. வயதை எழுதித் தருபவரோ உடைமையாளர்தான்.

ஒரு சனிக்கிழமை முற்பகலில், ஒரு பெரிய வீட்டின் பதிவேடுகளை வரிசையாக அடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார் அம்மையார். அதில் ஒரு சிறுமி. பெயர் இல்லை. "இடது புருவத்தில் தழும்பு" என்பதுதான் அடையாளம். ஆறு வயது, அடுத்த ஆண்டு ஏழு, அடுத்தது எட்டு, அடுத்தது ஒன்பது என ஒழுங்காக வளர்ந்து வந்தவள், அதன் பிறகு ஒன்பது, ஒன்பது, ஒன்பது என்று, முதல் ஒன்பதையும் சேர்த்து ஆறு ஆண்டுகள் ஒன்பதிலேயே நின்றாள். எழுத்துப் பிழை என்றுதான் அம்மையார் முதலில் எண்ணினார். மற்ற வீடுகளின் பதிவேடுகளையும் வரவழைத்துப் பார்த்தார். எல்லா வீடுகளிலும் குழந்தைகள் ஒன்பதாம் வயதின் வாசலில் கூட்டமாக நின்றுகொண்டிருந்தார்கள்.

அந்த ஆறாம் ஆண்டில் அவளை விற்றிருக்கிறார்கள். விற்பனைப் பத்திரமும் வேறொரு ஆவணக் கட்டில் கிடைத்தது. அதே தழும்பு, அதே மாதம், அதே கையெழுத்து. பத்திரத்தில், "வயது பதினாறு, நல்ல உழைப்பாளி." வரி கேட்டபோது ஒன்பது, விலை பேசியபோது பதினாறு. அம்மையார் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். அவளுக்குப் பதினான்கு. குறிப்பேட்டில் பதினான்கு என்று எழுதிவிட்டு, பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, காப்பகத்தின் படிக்கட்டில் வந்து உட்கார்ந்துகொண்டாராம். அந்தப் பெண்ணின் மெய்யான வயதை முதன்முதலாக எழுதியவர் தாம்தான் என்று அங்கே உட்கார்ந்தபோதுதான் உறைத்தது என்று ஒருமுறை எங்களில் ஒருவரிடம் சொன்னார்.

அடுத்தது விடுதலைச் சட்டம். விடுதலையானவர்களுக்கு இழப்பீடு எதுவும் இல்லை, இழந்தவர்கள் என்று உடைமையாளர்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கொடுத்தார்கள். கடைசி ஆண்டு வரிப் பதிவேட்டில் நாற்பத்தோரு பேரைக் காட்டிய அதே வீடு, இழப்பீடு கேட்ட மனுவில் நூற்றுப் பன்னிரண்டு பேரைக் காட்டியது. வரிக்கு ஒளிந்திருந்தவர்கள் எல்லாரும் வரவுக்கு எழுந்து வந்தார்கள். அந்த இழப்பீட்டுக்கு அரசு பணம் திரட்டியது எப்படி? உப்புக்கும் விளக்கெண்ணெய்க்கும் புதிய வரி போட்டு. விடுதலையானவர்களும் உப்புப் போட்டுத்தானே சாப்பிட வேண்டும்? தம் விடுதலைக்கான விலையைத் தம்மை வைத்திருந்தவர்களுக்குத் தாமே கட்டினார்கள்.

மாவட்டத்தில் இருபத்து மூன்று பெரிய வீடுகள். அவற்றில் ஒன்பதை அம்மையார் முழுமையாக ஆராய்ந்து, வரிக்குக் காட்டிய எண்ணிக்கை, இழப்பீட்டுக்குக் காட்டிய எண்ணிக்கை, பெற்ற பணம், அது பின்னர் ஆலையாகவும் வங்கியாகவும் மாறிய வழி, இன்று அது யார் பெயரில் இருக்கிறது என்ற விவரம் என ஒரே அட்டவணையாக்கினார். இவற்றையெல்லாம் திரட்டி அவர் எழுதிய நூலின் கடைசிப் பக்கத்தில் அது இருந்தது. அட்டவணையின் முதல் வரிசையில் இருந்த வீடுதான் நம் கல்லூரி நூலகத்தைக் கட்டிக் கொடுத்த அறக்கட்டளை. மனுவில் நூற்றுப் பன்னிரண்டு பேரைக் காட்டியதும் அவர்களே, ஆட்சிக்குழுவின் தலைவரும் அவர்கள் வீட்டுப் பிள்ளையே.

நூல் அச்சுக்குப் போகும் முன் அன்றைய கல்லூரி முதல்வர் அம்மையாரைத் தம் அறைக்கு அழைத்தார். கெட்ட மனிதர் அல்லர். தேநீர் வரவழைத்தார், ஆராய்ச்சியைப் புகழ்ந்தார், பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"பேரை மட்டும் எடுத்துடுங்க மேடம். ஒரு வீடு, இன்னொரு வீடுன்னு போட்டாப் போதும். யாருக்கும் சங்கடமில்ல பாருங்க."

அம்மையார் தேநீர்க் கோப்பையைத் தொடவே இல்லை.

"அந்தப் பொண்ணுக்குப் பதிவேட்டுல பேரே போடல சார். இவங்களுக்குப் பேர் இருக்கு. இருக்கிற பேரையாவது எழுத விடுங்க."

நூல் பெயர்களோடு வந்தது. வந்த மாதமே இரண்டாம் மாடியில் அவர் இருந்த அறைக்கு வெள்ளையடிப்பு என்றார்கள். பன்னிரண்டு ஆண்டுகளாக அந்த வெள்ளையடிப்பு முடியவில்லை. அவருக்கு மாடிப்படிக்கு அடியில், தண்ணீர் மோட்டாருக்குப் பக்கத்தில் ஒரு மேசை கிடைத்தது. மோட்டார் ஓடும்போது பேச்சை நிறுத்திவிட்டு, நின்றதும் விட்ட சொல்லிலிருந்து தொடங்குவார். பதவி உயர்வுக் கோப்பு நான்கு முறை போய் நான்கு முறை திரும்பியது. ஒருமுறை அதில் தேதி சரியில்லையாம், ஒருமுறை ஓரம் மடங்கியிருந்ததாம்.

அவர் கணவர் அதே வீட்டாரின் ஆலையில் எடை மேற்பார்வையாளராக இருபது ஆண்டுகள் வேலை பார்த்தவர். ஒரு செவ்வாய்க்கிழமை நண்பகலிலேயே வீடு திரும்பினார். மதியச் சாப்பாடு திறக்கப்படாமல் அப்படியே பையில் இருந்தது. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு இன்னும் பத்து நாள். அம்மையார் அன்றைக்குத்தான் முதன்முறையாக ஆட்டம் கண்டார். இரண்டாம் பதிப்பில் வேண்டுமானால் அட்டவணையை எடுத்துவிடலாமா என்று அவராகவே கேட்டார். கணவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத் திரும்பினார்.

"கணக்கு சரியா?"

"மூணு தடவ பாத்துட்டேன்."

"அப்ப அது கிடக்கட்டும். நான் வேற வேலை பாத்துக்கறேன்."

பார்த்தார். பள்ளி வேன் ஓட்டினார். மகளும் படித்து முடித்தாள். ஓட்டுநர் ஐயா இதோ அம்மையார் பக்கத்தில்தான் அமர்ந்திருக்கிறார். அவருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல்.

இனி சொல்ல வருவது எங்களைப் பற்றியது. நிர்வாகம் சிவப்பு மையை அழுத்தி அடித்த பத்தி இது, அவர்கள் அடிக்காவிட்டால் எங்களில் சிலரே அடித்திருப்போம். நூல் வெளிவந்த இரண்டாம் வாரம், "இந்நூலின் முடிவுகள் எங்கள் கருத்தல்ல" என்று ஒரு கடிதம் துறைக்கு வந்தது. பத்தொன்பது ஆசிரியர்களில் பதினேழு பேர் அதில் கையெழுத்திட்டோம். நூலைப் படித்தவர்கள் எங்களில் மூவர். அந்தப் பதினேழில் ஒன்பது பேர் இன்று இந்த அறையில் இருக்கிறோம். மறுநாள் காலை அம்மையார் வழக்கம்போல் எங்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டு மாடிப்படிக்கு அடியில் போய் உட்கார்ந்தார். அவர் முகத்தைப் பார்க்காமல் இருக்க நாங்கள் மறுபக்கப் படியில் ஏறி இறங்கினோம். பல மாதம் அப்படித்தான் ஏறி இறங்கினோம்.

அவரைத் தேடி முதலில் வந்தவர் ஆசிரியர் அல்லர். துப்புரவுப் பிரிவில் பணியாற்றும் அக்கா. துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, தம் வீட்டுப் பெயரும் அறக்கட்டளையின் பெயரும் ஒன்றாக இருக்கிறதே, தம் குடும்பம் அவர்களுக்குச் சொந்தமா என்று கேட்டார். விடுதலையானவர்களை உடைமையாளரின் வீட்டுப் பெயரிலேயே பதிந்தார்கள் என்பது அம்மையாருக்குத் தெரியும். சட்டென்று சொல்ல மனம் வரவில்லை, பொய் சொல்லவும் வராது. ஒரு மாதம் அவகாசம் கேட்டுக்கொண்டு காப்பகத்துக்குப் போனார். இழப்பீட்டு மனுவின் எண்பத்தேழாம் எண்ணில், அக்காவின் முப்பாட்டனாரைப் பெற்றவர் இருந்தார். நகலெடுத்து வந்து மேசையில் விரித்தார். அக்கா அந்த ஒற்றை வரியின் மேல் விரலை வைத்து எழுத்தெழுத்தாய் வாசித்தார்.

"அப்ப அந்த நூலகக் கட்டடத்துல எனக்கும் பங்கு இருக்குல்ல மேடம்?"

எதைக் கேட்டாலும் நான்கு அடிக்குறிப்போடு பதில் சொல்பவர் அன்று, "இருக்கு" என்றதோடு நிறுத்திக்கொண்டார்.

செய்தி பரவியது. செவிலியர் வந்தார், பூட்டுக் கடைக்காரர் வந்தார், பேருந்து நடத்துநர் சீருடையோடு வந்தார். மாடிப்படிக்கு அடியில் வரிசை நின்றது. அறக்கட்டளை மான நட்ட வழக்குப் போட்டது. நீதிமன்றத்தில் அவர்கள் வழக்கறிஞர், முன்னோர் செய்ததற்கு இன்றிருப்பவர்களைக் குற்றம் சாட்டலாமா என்று உருக்கமாகக் கேட்டார். அம்மையார் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு பதில் சொன்னார்.

"நான் யாரையும் குத்தம் சொல்லலைங்க. கூட்டிக் காட்டியிருக்கேன். கூட்டல் தப்புன்னா சொல்லுங்க, திருத்திக்கறேன்."

நீதிபதி அதையே உத்தரவாக்கிவிட்டார். அறக்கட்டளையின் தணிக்கையாளர்கள் நால்வர் ஐந்து மாதம் காப்பகத்தில் உட்கார்ந்து, அம்மையார் போலவே தும்மித் தும்மிச் சரிபார்த்தார்கள். ஒரு பிழை கிடைத்தது. நூற்றுப் பன்னிரண்டு என்பது தவறு, நூற்றுப் பதின்மூன்று. ஒரு பக்கத்தின் பின்புறத்தை அம்மையார் பார்க்கத் தவறியிருந்தார். வழக்கு திரும்பப் பெறப்பட்டது. இரண்டாம் பதிப்பில் எண் திருத்தப்பட்டு, தணிக்கையாளர் நால்வருக்கும் நன்றி அச்சாயிற்று. அந்தப் பதிப்பைத்தான் நாங்கள் ஒன்பது பேரும் காசு கொடுத்து வாங்கிப் படித்தோம். படித்து முடித்து, ஒருவர் பின் ஒருவராக மாடிப்படிக்கு அடியில் போய் நின்றோம். அம்மையார் மன்னிப்பைப் பற்றி எதுவும் பேசவில்லை. "உக்காருங்க, பத்தாவது வீட்டுக் கட்டு வந்திருக்கு" என்றார்.

சென்ற மாதம் நிர்வாகத்திலிருந்து கடைசி ஓலை வந்தது. கல்லூரிப் பணியில் இருந்தபோது எழுதிய இருபத்திரண்டு குறிப்பேடுகளும் கல்லூரியின் உடைமை, ஓய்வு பெறும் முன் ஒப்படைக்க வேண்டும் என்று. கொடுத்தால் அவை எந்த அலமாரிக்குள் போகும், சாவி யாரிடம் இருக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். சட்டப்படி கேட்கிறார்கள், சட்டப்படியே கொடுப்போம் என்றார் அம்மையார். நாளும் குறித்தார், மூன்று வாரம் தள்ளி. அந்த மூன்று வாரமும் ஆசிரியர்கள், அலுவலகத்தினர், நூலகப் பணியாளர்கள், துப்புரவுப் பிரிவினர் என முப்பத்தொரு பேர் முறை வைத்து, மதிய இடைவேளையில் நகலெடுத்தோம், எண்களை ஒருவர் வாசிக்க ஒருவர் சரிபார்த்தோம். குறித்த நாளில் அம்மையார் அத்தனை குறிப்பேடுகளையும் ஒப்படைத்து, பக்க எண்ணிக்கையோடு ரசீதும் வாங்கிக்கொண்டார். நகல்கள் இந்த வாசிப்பறையின் வாசலோர அடுக்கில், கண்ணாடிக் கதவும் பூட்டும் இல்லாமல் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். காலையிலிருந்து பலர் தம் வீட்டுப் பெயரைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

அம்மையாரே! மீண்டும் உங்களை நோக்கி வருகிறோம். உங்களுக்குப் பொன்னாடை போர்த்தும் தகுதி எங்களுக்கு உண்டா என்று தெரியவில்லை. உங்கள் கண்ணில் ஒளி மங்காதிருக்க, முழங்கால் வலி முற்றாதிருக்க, ஓட்டுநர் ஐயாவோடு நெடுங்காலம் நலமாய் நீங்கள் இருக்க வேண்டும் என்று மனமார வேண்டுகிறோம். ஓய்வாய் இருக்கும்படி மட்டும் வேண்ட மாட்டோம். முடியாத பத்தாவதையும் சேர்த்து இன்னும் பதினான்கு வீடுகள் பாக்கி. நாளைக் காலை பத்து மணிக்கு ஆவணக் காப்பகத்தின் கதவு திறக்கிறது. நாங்கள் பதினொரு பேர் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டோம். விடுப்புக்கான காரணம் என்ற இடத்தில் உண்மையையே எழுதியிருக்கிறோம். பென்சில்கள் சீவியாயிற்று.

என்றும் உங்கள் பக்கம் நிற்கும்,
கல்லூரியின் ஆசிரியர்கள், அலுவலகத்தினர்,
நூலகப் பணியாளர்கள், துப்புரவுப் பிரிவினர்