முகாரிக்கு ஆகாத மாத்திரை

வேதாந்தம்: மெதுவாப் பேசு, அபயம். உங்காத்துக்காரர் உள்ளே இருக்காரா?

அபயாம்பாள்: நீங்கதான் மாமா கத்தறேள். அவர் அடையாறுக்குப் பாட்டு சொல்லித்தரப் போயிருக்கார். வர ஒரு மணி நேரம் ஆகும்.

வேதாந்தம்: நல்லதாப் போச்சு. உன்னைப் பார்க்கத்தான் வந்தேன். சபா செக்ரட்டரியா வரலை. குடும்ப ஸ்நேகிதனா வந்திருக்கேன்...

அபயாம்பாள்: போன தடவையும் இப்படித்தான் சொன்னேள். மறுநாள் அவர் கச்சேரியை மத்தியானம் ரெண்டு மணிக்குத் தள்ளிட்டேள்.

வேதாந்தம்: அது கிடக்கட்டும். கல்யாணராமன்... கொஞ்ச நாளா ஒரு மாதிரி இருக்காரே.

அபயாம்பாள்: ஒரு மாதிரின்னா?

வேதாந்தம்: சிரிக்கறார்.

அபயாம்பாள்: சிரிக்கப்படாதா?

வேதாந்தம்: தாராளமா சிரிக்கட்டும். முகாரி பாடறச்சே சிரிக்கலாமோ? வெள்ளிக்கிழமை கோயில்ல பாடினார். நான் தூண் ஓரமா கைக்குட்டையும் கையுமா உக்காந்திருந்தேன். ஒரு சொட்டு... ஊஹூம். சீமந்தத்துல பாடற மாதிரி இருந்தது. பக்கத்துல ஒருத்தர் தலையை ஆட்டிண்டு பாக்கு மெல்றார்!

அபயாம்பாள்: பாக்கு மென்னா என்னவாம்...

வேதாந்தம்: போன டிசம்பர்ல நம்ம சபாவில இதே முகாரியை எப்படிப் பாடினார்! ரிட்டையர்ட் ஜட்ஜ், எத்தனை பேருக்குத் தூக்கு எழுதினவர், அவர் மேல்துண்டால மூஞ்சியை மூடிண்டு குலுங்கறார். பாண்டி பஜார் பட்டுக்கடை கருணாகரன், ராகமும் தெரியாது தாளமும் தெரியாது, அவரே அழுதுட்டு, இந்த வருஷ சபா மலருக்குப் பின்னட்டை விளம்பரம் முழுக்க என்னுதுன்னுட்டார். கேண்டீன்ல ரவா தோசை அரை மணியில தீர்ந்து போச்சு. அழுதா நன்னாப் பசிக்கறது, தெரியுமோ?

அபயாம்பாள்: தெரியாது. அழக்கூட வராதவாளுக்குப் பசிக்காதுங்கறது தெரியும்.

வேதாந்தம்: என்ன சொன்னே?

அபயாம்பாள்: ஒண்ணுமில்லை. மேல சொல்லுங்கோ.

வேதாந்தம்: விஷயத்துக்கு வரேன். போன மாசம் மந்தைவெளியில ஹனீஃபா மருந்துக் கடைக்கு மூட்டுவலித் தைலம் வாங்கப் போனேன். உங்காத்துக்காரர் டாக்டர் சீட்டோட நிக்கறார். யாருக்குன்னேன். எனக்குத்தான்னார். சீட்டு மேல சும்மா... கண் பட்டுது...

அபயாம்பாள்: எட்டிப் பார்த்தேள்.

வேதாந்தம்: பட்டுது. மாத்திரை பேரை மனசுல வாங்கிண்டு நேரா என் மச்சினன்கிட்டப் போனேன். மெடிக்கல் காலேஜ்ல வாத்தியாரா இருக்கானே, அவன். மனச்சோர்வுக்குக் கொடுக்கற மாத்திரையாம்! அப்பவே தெரிஞ்சுபோச்சு, முகாரி எங்கே போச்சுன்னு.

அபயாம்பாள்: மாத்திரை முழுங்கிடுத்தாக்கும்.

வேதாந்தம்: பரிகாசம் பண்ணாதே. அதைச் சாப்பிட்டா வாயெல்லாம் வறண்டு போகுமாமே! பாடறவருக்கு!

அபயாம்பாள்: வறள்றது வாஸ்தவம். மொதல் ரெண்டு வாரம் நாக்கு போய் மேலண்ணத்துல ஒட்டிண்டது. உக்காந்த இடத்துல தூக்கம். வயிறு கல்லு மாதிரி. வந்த கஷ்டமெல்லாம் வந்துது, குணம் மட்டும் வரலை. தூக்கிக் குப்பையில போட்டுடலாம்னு... இருந்தார்.

வேதாந்தம்: போட்டிருக்கணும்!

அபயாம்பாள்: டாக்டர் கண்டிப்பாச் சொல்லிட்டார். பலன் தெரிய மூணு நாலு வாரம் ஆகும், நடுவுல நிறுத்தினா பொல்லாப்புன்னு. அப்புறம் மெதுவா... ராத்திரி முழுத் தூக்கம் வந்தது. ரசத்துல உப்பு தெரிஞ்சுது. நாலாவது வாரம் ஒருநாள் கார்த்தால எழுந்ததும் வாசல்ல பெருசா ஒரு கோலம் போடணும்னு தோணித்து.

வேதாந்தம்: கல்யாணராமனுக்கா?

அபயாம்பாள்: காப்பி கொண்டு வரட்டுமா, மாமா?

வேதாந்தம்: கோலமா?

அபயாம்பாள்: நான் போட்டேன். அவர்... நின்னு பார்த்துண்டிருந்தார்.

வேதாந்தம்: கேட்டுக்கோ! ஒரு வித்வான் விடியக்கார்த்தால வாசல்ல நின்னு கோலம் பார்க்கறார். உருப்படுமா? அபயம், அவருக்குன்னு தனியா துக்கம் கிடையாது. அது சபாவோட சொத்து.

அபயாம்பாள்: அப்போ சபாவிலேயே வெச்சுப் பூட்டிக்கோங்கோ. ஆத்துக்கு ஏன் அனுப்பறேள்?

வேதாந்தம்: நான் ஒரு உபாயம் சொல்றேன். அவருக்குத் தெரிய வேண்டாம். மாத்திரை சைஸ்லேயே பெப்பர்மின்ட் கிடைக்கறது. ராத்திரி பாலோட அதைக் கொடுத்துடு.

அபயாம்பாள்: எனக்குப் பெப்பர்மின்ட் பிடிக்காது.

வேதாந்தம்: உனக்கு யாரு கொடுக்கச் சொன்னா?

அபயாம்பாள்: சரிதான்.

வேதாந்தம்: அவர் பழையபடி ஆகணும், அவ்வளவுதான்.

அபயாம்பாள்: குளிக்காம, தலை வாரிக்காம, சுவத்தைப் பார்த்துண்டு பகல் முழுக்க உக்காந்திருக்கணுமா?

வேதாந்தம்: அவர் எப்போ அப்படி உக்காந்தார்? ஞாயித்துக்கிழமை தவறாம வந்து என்னோட சீட்டாடினாரே!

அபயாம்பாள்: அதானே. அவர் எங்கே உக்காந்தார்.

வேதாந்தம்: எனக்கு ஒண்ணும் புரியலை.

அபயாம்பாள்: மாத்திரை அவருக்கு இல்லை, மாமா. எனக்கு.

வேதாந்தம்: ...உனக்கா?

அபயாம்பாள்: ரெண்டு வருஷமா எனக்குத்தான் உடம்பு. மாத்திரை மூணு மாசமா.

வேதாந்தம்: அவர் தனக்குன்னு சொன்னாரே...

அபயாம்பாள்: பாடறவருக்கு மனசு சரியில்லைன்னா கலைஞன்னு சொல்வேள். அவர் பொண்டாட்டிக்குன்னா என்ன பேர் வைப்பேள்னு அவருக்குத் தெரியும். பொண்ணு சீதாவுக்கு வரன் பார்த்துண்டிருக்கோம். அதான் கேக்கறவாகிட்டல்லாம் தனக்குன்னே சொல்லிண்டிருக்கார். டாக்டர்கிட்ட மட்டும்தான் நிஜம்.

வேதாந்தம்: அப்போ அவர் சிரிக்கறது...

அபயாம்பாள்: நான் சாப்பிடறேன். தூங்கறேன். ஈரத் துண்டைக் கட்டில் மேல போட்டா அவரோட சண்டை போடறேன். ரெண்டு வருஷமா எங்காத்துல சண்டையே கிடையாது, மாமா. மொதல் தடவை நான் கத்தினப்போ, பாவம், கண்ணுல ஜலம் வர வரச் சிரிச்சார்.

வேதாந்தம்: அடடா... தெரியாமப் பேசிட்டேன். பகவான் புண்ணியத்துல நீ நன்னா இருக்கணும்மா. ரொம்ப சந்தோஷம். நிஜமாவே ரொம்ப... அபயம்.

அபயாம்பாள்: சொல்லுங்கோ.

வேதாந்தம்: தப்பா எடுத்துக்கப்படாது.

அபயாம்பாள்: சொல்லுங்கோ மாமா.

வேதாந்தம்: இல்லை... முகாரிக்கு அவர் நிறுத்தினா என்ன, நீ நிறுத்தினா என்ன... நிரந்தரமா நிறுத்தச் சொல்லலை! கச்சேரி இருபத்தேழாம் தேதி. அது வரைக்கும் ஒரு பதினஞ்சு நாள் மட்டும்... ஜட்ஜ் வேற இந்தத் தடவை டெல்லிலேர்ந்து தம்பியை வரவழைச்சிருக்கார்...

அபயாம்பாள்: போன வருஷம் கச்சேரி அன்னிக்குக் கார்த்தால நான் பின்கட்டுக் கிணத்து மேல ஏறி நின்னுண்டிருந்தேன், மாமா. அவர் ஓடி வந்து என் காலைக் கட்டிப் பிடிச்சுண்டார். ரொம்ப நேரம் விடவே இல்லை. அப்புறம் என்னை இறக்கி, சீதா கையில பிடிச்சுக் கொடுத்து, ஒரு நிமிஷம்கூட விட்டுட்டுப் போகாதேடீன்னு சொல்லிட்டு, வேஷ்டியை மாத்திண்டு உங்களுக்கு அந்த முகாரியைப் பாட வந்தார்.