குருவிக்குப் பாட்டுப் பிடிக்காதாம்

வத்தளை பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பேர். ஒருவர் நீர்கொழும்புக் களப்போரப் பறவைச் சரணாலயத்தைச் சுற்றி ஓட்டோவில் பாட்டுப் போட்டுக்கொண்டு பேக்கரிப் பாண் விற்பவர். மற்றவர் அவருடைய கூட்டாளி. களனிப் பாலத்துக்கு முன்னால், கண்டெய்னர் லொறிகளுக்கு நடுவே பஸ் அசையாமல் நின்றது.

“குருவிக்குப் பாட்டுப் பிடிக்காதாம், மச்சான்.”

“குருவி வந்து சொல்லிச்சுதா?”

“சைக்கிள்காரர் சொன்னாங்க. ஞாயிறு விடிய கொழும்பிலயிருந்து சைக்கிளக் காருக்கு மேல கட்டிக்கொண்டு வாறாங்க, சத்தமில்லாத ரோட்டில ஓடுறதுக்கு.”

“நீ என்ன செய்தாய்?”

“ரெண்டு ஞாயிறு பாட்ட நிப்பாட்டிப் பார்த்தன். ஒரு வீட்டுக் கேட்டும் திறக்கேல்ல. பாட்டுக் கேட்டாத்தானே பாண் வந்திட்டுதெண்டு சனத்துக்குத் தெரியும்? பாதிப் பாண் காய்ஞ்சுபோச்சு. இப்பிடியே போனா ஓட்டோவ விக்கத்தான் வேணும்.”

“காய்ஞ்ச பாண சைக்கிள்காரருக்கு வித்திருக்கலாமே.”

“பாண் சாப்பிட்டா வயிறு வண்டி வைக்குமாம்.”

அந்தச் சைக்கிள்காரர் மேல் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அந்த ரோட்ட ஆரடா இவங்களுக்குக் காட்டினது?”



“போன வருசம் ஒருத்தன் சைக்கிளில வந்து என்னை மறிச்சுக் கேட்டான், அண்ணே, இந்த ரோட்டில வாகனம் வருமா எண்டு. ஒண்டும் வராது தம்பி, கூட்டாளிமாரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ எண்டு சொன்னன்.”

“எங்க நிண்டு சொன்னாய்?”

“எங்க நிக்கிறது? ஓட்டோக்குள்ள இருந்துதான் சொன்னன்.”