அப்பச்சிக்கு ஒரு பட்டன்

— ஆத்தா மது, கோயிலுக்கு நீ எழுதிக் குடுத்த போன் ஆப்பு பெத்த அப்பனையே மதிக்க மாட்டேங்குது. பட்டனைக் காணோம்.

— எந்தப் பட்டன் அப்பச்சி? ஆபீஸ்ல இருக்கேன், சட்டுனு சொல்லுங்க.

— 'ஏற்கிறோம்'னு பச்சையா ஒண்ணு, 'திருப்பி அனுப்பு'னு செவப்பா ஒண்ணு இருக்குமே, ரெண்டையும் காணோம். கோயில் கமிட்டி செகரட்டரி நான். நான் அமுக்காம எந்தக் கல்யாணத்துக்குக் கோயில் மாலை போயிருக்கு? மாலை போகாம எவன் தாலி கட்டியிருக்கான்?

— எல்லாக் கல்யாணப் படிவத்துலயும் காணோமா?

— மத்ததுல எல்லாம் இருக்கு. இலுப்பூர் டாக்டர் வீட்டுப் படிவத்தை இப்பத்தான் முடிச்சேன். இந்த ஒண்ணு மட்டும் மொட்டையா நிக்குது.

— அப்ப ஆப்பு சரியாத்தான் வேலை செய்யுது.

— என்னத்த சரியா? வீட்டுல டவர் எடுக்கலன்னு கோயில் வாசல்ல வெயில்ல நிக்கிறேன்.

— மொதல்ல அங்கிட்டு நெழலுக்குப் போங்க. அந்த ரூலே நீங்க போட்டதுதான் அப்பச்சி. போன வருசம் தலைவர் பிச்சப்பன் ஐயா தன் மகன் கல்யாணத்துக்குத் தானே கையெழுத்துப் போட்டாருன்னு கமிட்டியில குதிச்சீங்கள்ல?

— குதிச்சேன். பின்ன? மாலை கோயில் குடுக்குறது. அவரா எடுத்துக்குவாரு?

— அதுக்குத்தான், சொந்த வீட்டுப் படிவம் வந்தா அந்த ஆளுக்குப் பட்டன் தெரியாதபடி வச்சிருக்கேன். படிக்கலாம், அமுக்க முடியாது. செகரட்டரி வீட்டுதுன்னா தலைவருக்குப் போயிரும்.

— நம்ம வீட்டுல யாருக்குடி கல்யாணம்?

— பேரைப் படிக்கலையா?

— கண்ணாடி வீட்டுல கெடக்கு.

— கண்ணாடி இல்லாமத்தான் பட்டனைக் காணோம்னு கண்டுபிடிச்சீங்களாக்கும்?

— பச்சை செவப்புக்குக் கண்ணாடி எதுக்கு? நீ சொல்லு.

— மதுமிதா. மாப்பிள்ளை சந்திரசேகர்.

— யாரு, பேங்க் வேலையை விட்டுட்டு திருவரங்குளத்துல மாட்டுப் பண்ணை வச்சிருக்கானே, அவனா? சித்திரையிலயே வேண்டாம்னு சொன்னேனே.

— சொன்னீங்க. நானும் ஆறு மாசம் யோசிச்சுப் பார்த்துட்டேன். மனசு வேற யாருகிட்டயும் போக மாட்டேங்குது அப்பச்சி.

— அதான் அப்பன் கையைக் கட்டிப்போட்டுட்டுப் படிவத்தைத் தட்டி விட்டியோ? கெட்டிக்காரிதான்.

— சத்தியமா இல்ல. கொஞ்சம் கீழ தள்ளிப் பாருங்க. 'பெண்ணின் தகப்பனார் சம்மதம்'னு ஒரு பட்டன் இருக்கும். அது ஒங்க போன்ல மட்டுந்தான் தெரியும். நீங்க அதை அமுக்குற வரைக்கும் பிச்சப்பன் ஐயாவுக்குப் பச்சை வராது.

— நான் அமுக்கலைன்னா?

— படிவம் அப்படியே கெடக்கும். நானும் இப்படியே இருப்பேன். ஒங்களைத் தாண்டிப் போற மாதிரி வச்சிருக்கலாம், எழுதுனது நான்தானே. கை வரல அப்பச்சி. நீங்க இல்லாம எனக்கு எதுக்கு மாலை?

— அழுவுறியா?

— இல்லையே.

— மூக்கு உறிஞ்சுற சத்தம் கேக்குது.

— ஏசியில சளி. சும்மா சுத்தாதீங்க. செவப்பைத் தேடித்தானே கூப்பிட்டீங்க?

— போடி கிறுக்கி. முந்தாநேத்துப் படிவம் வந்துச்சு, நேத்தே திருவரங்குளம் பஸ் ஏறிட்டேன். ஒங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு அவன்கிட்டச் சொல்லிட்டுத்தான் வந்தேன். ஒவ்வொரு மாட்டையும் பேரு சொல்லிக் கூப்பிடுறான், அதுகளும் திரும்பிப் பாக்குது. நல்ல பய.

— அப்பச்சி… அப்ப அந்தச் சம்மதப் பட்டன்?

— அதைக் காலையில எந்திரிச்சதும் இங்க வந்து அமுக்கிட்டேன். எம்மக மாலைக்குப் பிச்சப்பன் என்ன பச்சை அமுக்குறது, அதையும் நானே அமுக்கிரலாம்னுதான் அப்ப புடிச்சுத் தேடிக்கிட்டிருக்கேன்!