கைகளால் பேசுகிறவனைக் கட்டிய சட்டம்

இந்த அவையை நடுநிலை தவறாமல் நடத்திக்கொண்டிருக்கும் தலைவர் அவர்களே, சட்டத்தை ஆதரித்துச் சற்று முன் அழகாக, ஆமாம், அழகாகவே பேசி அமர்ந்திருக்கும் அரசு வழக்கறிஞர் அவர்களே, முன்வரிசையில் முதுகு வலியைப் பொறுத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் மூத்தோரே, பிள்ளைகளை மடியிலும் பைகளைக் காலடியிலும் வைத்துக்கொண்டு வந்திருக்கும் தாய்மார்களே, இடம் கிடைக்காமல் சுவரோடு சுவராக நிற்கும் தோழர்களே, வாசலில் நின்று யார் வந்தார், யார் போனார், யார் கைதட்டினார் என்று கண்ணும் கருத்துமாகக் கவனித்துக்கொண்டிருக்கும் காவல்துறை நண்பர்களே, உங்கள் அனைவருக்கும் என் அன்பும் வணக்கமும்.

நான் பள்ளிக்கூடத்தில் மொழி கற்பிக்கிறவள். சொல்லைச் சோறாக உண்டு வாழ்கிறவள். அப்படிப்பட்டவள் இன்றைக்குச் சொல்லே இல்லாத ஒருவனுக்காகப் பேச வந்திருக்கிறேன். அவன் என் தம்பி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு, "இந்த அம்மாவுக்கு ஏன் இவ்வளவு அக்கறை" என்று யாரும் தலையைச் சொறிய வேண்டாம்.

வழக்கறிஞர் அவர்கள் கேட்டார்: "தவறு செய்யாதவன் ஏன் அஞ்ச வேண்டும்?" கேட்டார் அல்லவா? நீங்களும் கைதட்டினீர்கள் அல்லவா? பரவாயில்லை, நானும் ஒரு காலத்தில் தட்டியவள்தான். பொதுப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் வைத்திருக்கிறார்களே, பாதுகாப்பு யாருக்குக் கசக்கும்? ஓராண்டுக்கு மட்டும் என்று கொண்டுவந்தார்கள். இப்போது என்றென்றைக்கும் என்று ஆக்கப் போகிறார்கள். அதில் ஒரு பிரிவு இருக்கிறது. பொது இடத்தில் குறியீட்டாலோ சைகையாலோ மறைவான செய்தி பரிமாறுவோரைச் சந்தேகத்தின் பேரில் பிடித்து வைக்கலாம். உறவினருக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. படிக்கும்போது நாம் யாரை நினைப்போம்? குண்டு வைப்பவனை நினைப்போம். கொள்ளைக் கூட்டத்தை நினைப்போம். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்கு மருந்து எங்கே இருக்கிறது என்று மனைவியிடம் சொல்கிற கணவனை நினைப்போமா?

என் தம்பிக்குப் பிறந்ததிலிருந்து காது கேட்காது. அவன் மனைவிக்கும் கேட்காது. அவன் அச்சகத்தில் மாலை வேலை பார்க்கிறான். இயந்திரங்கள் போடுகிற கூச்சலில் மற்றவர்களெல்லாம் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து விழிப்பார்கள். இவன் ஒருவன்தான் நிம்மதியாக வேலை செய்வான். அவன் மனைவி மருத்துவமனைச் சலவைக் கூடத்தில் பகலெல்லாம் படுக்கை விரிப்பு மடிக்கிறாள். அவள் வீடு திரும்பும் நேரமும் அவன் வேலைக்குக் கிளம்பும் நேரமும் ஒன்று. ஒரே ரயில் நிலையம், எதிரெதிர் நடைமேடை. அவள் அந்தப் பக்கம் இறங்குவாள். இவன் இந்தப் பக்கம் ஏறுவான். அவன் ரயில் வரும்வரை கிடைக்கிற அந்தக் கொஞ்ச நேரம்தான் அவர்களுடைய குடும்ப நேரம்.

தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிற மனைவியிடம் நீங்கள் பேச முடியுமா? தொண்டை கிழியக் கத்த வேண்டும். அவர்கள் கத்தவே வேண்டாம். கை போதும், கண் போதும். ஊரே இரைச்சலில் திணறிக்கொண்டிருக்கும்போது அவர்கள் இருவரும் அமைதியாகச் சண்டை போட்டுக்கொள்வார்கள். "வாடகை கேட்டு வந்தாரா?" "உங்க அக்கா ஏன் போன வாரம் வரல?" அந்த அக்கா நான்தான். என்னைப் பற்றியும் அங்கே நின்று நிறையப் பேசியிருக்கிறார்கள்.

அன்றைக்குக் குழந்தைக்குக் காய்ச்சல். இரண்டு வயதுப் பெண். பக்கத்து வீட்டம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தான். எதிரே மனைவி இறங்கியதும் சொன்னான்: மருந்து கொடுத்துட்டேன், அடுத்த வேளை மருந்து குளிர்பெட்டி மேல இருக்கு. அவள் பதறினாள். எவ்வளவு சூடு? ஏன் விட்டுட்டு வந்தே? இவனுக்குக் கோபம். நான் வேலைக்குப் போக வேணாமா? கைகள் வேகமாகின. கோபம் வந்தால் நாம் குரலை உயர்த்துகிறோம், அவர்கள் கையை உயர்த்துகிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்போது நிற்காமல் போகிற விரைவு ரயில் ஒன்று இருவருக்கும் நடுவில் வந்தது. பெட்டி பெட்டியாகப் போனது. கடைசிப் பெட்டி கடந்ததும் அவள் பார்த்தாள். எதிரே அவன் இல்லை. அவன் நின்ற இடத்தில் சாப்பாட்டுப் பை கவிழ்ந்து கிடந்தது.

பாலத்தில் ஏறி இறங்கி ஓடினாள். வெளியே காவல் வண்டி புறப்பட்டுவிட்டது. பின்கண்ணாடி வழியாக அவன் முகம் தெரிந்தது. கை தெரியவில்லை. ஏன் என்று அவளுக்கு அப்போது புரியவில்லை. வாசலில் இருந்த காவலரிடம் போய் வண்டியைக் காட்டினாள், தன் நெஞ்சைக் காட்டினாள், தாலி கட்டுவதுபோல் கழுத்தைக் காட்டினாள். அவர் சில்லறை எடுத்துக் கொடுத்தார். பிச்சை கேட்கிறாள் என்று நினைத்துவிட்டார்.

தாய்மார்களே, இதைச் சொல்லும்போது எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வருகிறது.

அவள் நேராக என் வீட்டுக்கு வந்தாள். இருவரும் காவல் நிலையத்துக்குப் போனோம். அங்கே இருந்த அதிகாரி கெட்டவர் அல்ல. நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

"இந்தப் பக்கம் ஒருத்தன் நிக்கிறான், அந்தப் பக்கம் ஒரு பொண்ணு நிக்குது. நடுவுல தண்டவாளம். ரெண்டு பேரும் கையால ஏதோ காட்டிக்கிறாங்க. நாங்க என்னம்மா நினைக்கிறது?"

"புருஷன் பொண்டாட்டின்னு நினைக்கலாம் சார்" என்றேன்.

"விசாரிச்சோம். வாயையே திறக்க மாட்டேங்கிறான்."

"அவனுக்குக் காது கேட்காது. பேச்சு வராது. இதோ அவனோட மருத்துவ அட்டை."

"அட்டை யார் வேணும்னாலும் வாங்கலாம்மா. நடிக்கிறவங்களும் இருக்காங்க."

"சரி, கையை அவிழ்த்து விடுங்க. அவனே சொல்லட்டும்."

"அவிழ்த்தா சைகை காட்டுறான். அதுக்குத்தானே பிடிச்சோம்."

"அவன் பேசுறதே கையாலதான் சார்."

"அதைத்தான்மா நானும் சொல்றேன்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், தடையில்லை. அந்தப் பேச்சு வட்டத்துக்குள் என் தம்பி மூன்று நாள் கிடந்தான். கையை முதுகுக்குப் பின்னால் வைத்து விலங்கு மாட்டியிருந்தார்கள். உங்கள் கையைக் கட்டினால் உங்களுக்குக் கை மட்டும்தான் போகும். அவன் கையைக் கட்டினால் அவனுக்கு என்ன மிஞ்சும்? தாகம் என்று சொல்ல முடியாது. வலிக்கிறது என்று சொல்ல முடியாது. நான் குற்றவாளி அல்ல என்று சொல்ல முடியாது. எதிரே நிற்பவர்கள் உதட்டை அசைத்து அசைத்துக் கேட்கிறார்கள், அவன் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருக்கிறான். அந்த மௌனத்துக்கு அவர்கள் வைத்த பெயர் திமிர்.

வழக்கறிஞர் அவர்களே, உங்கள் கேள்விக்கு வருகிறேன். தவறு செய்யாதவன் ஏன் அஞ்ச வேண்டும்? நான் தவறு செய்யவில்லை என்று சொல்வதற்கு அவனுக்கு நாக்கு வேண்டும் ஐயா. கேட்பதற்கு எதிரே ஒரு காது வேண்டும். இரண்டையும் பிடுங்கிக்கொண்டு ஏன் அஞ்சுகிறாய் என்று கேட்பது கேள்வியா, கேலியா?

என்ன ஐயா, பின்னாலிருந்து? "ஏதோ ஒரு இடத்தில் நடந்த தவறுக்குச் சட்டம் என்ன செய்யும்" என்கிறீர்கள். நல்ல கேள்வி. அந்த அதிகாரி சட்டத்தை மீறியிருந்தால் நான் இந்த மேடைக்கு வந்திருக்க மாட்டேன், அவர் மேலதிகாரியிடம் போயிருப்பேன். அவர் மீறவில்லை. வரிக்கு வரி அதன்படிதான் நடந்தார். அதுதானே என் வயிற்றெரிச்சல். மீறினால் நடக்கிற கொடுமைக்கு நீதிமன்றம் இருக்கிறது. மீறாமலே நடக்கிற கொடுமைக்கு எங்கே போவது?

மூன்றாம் நாள் நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். சின்ன அறை. மேலே மின்விசிறி சுற்றுகிற சத்தம். பெஞ்சு நிறையக் காத்திருக்கிற குடும்பங்கள். நீதிபதி ஒரு பெண்மணி. பெயரைக் கேட்டார். தம்பி பேசாமல் நின்றான். மறுபடி கேட்டார். பேசாமல் நின்றான்.

"ஏன் பதில் சொல்ல மாட்டேங்கிறார்?" என்றார்.

"ஒத்துழைக்க மறுக்கிறார் அம்மா" என்றார்கள்.

நான் பின்பெஞ்சிலிருந்து எழுந்தேன். உட்காரச் சொல்லிக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் காவலர் ஓடி வந்தார். நான் உட்காரவில்லை. "அம்மா, அவனுக்கு வாய் கையில இருக்கு. அதைப் பின்னால கட்டி வச்சிருக்காங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார். "அவிழ்த்து விடுங்க" என்றார்.

அவிழ்த்தார்கள். மணிக்கட்டு இரண்டும் வீங்கியிருந்தன. விரல்களை விரிக்க முடியவில்லை. ஒவ்வொன்றாகப் பிடித்து நீவினான். மொழிபெயர்க்க வேறு ஆள் இல்லாததால் என்னையே முன்னால் வரச் சொன்னார்கள். "ரயில் நிலையத்துல என்ன செய்தி சொன்னீங்கன்னு கேளுங்க" என்றார் நீதிபதி. நான் கேட்டேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. நீதிபதியைப் பார்க்கவில்லை. பெஞ்சில் இருந்த மனைவியைத் தேடினான். அந்த வீங்கிய விரல்களால் மெதுவாகக் கேட்டான். அதை நான் வாய்விட்டுச் சொன்னேன்:

"பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுச்சா?"

அவள் அங்கிருந்தே விட்டுவிட்டது என்று கையசைத்தாள். அவன் முகத்தை மூடிக்கொண்டான். நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். பிறகு விடுதலை என்று எழுதினார்.

வருத்தம் தெரிவித்தார்களா என்று ஓர் அம்மா கேட்கிறார். இல்லையம்மா. நல்லெண்ணத்தில் செய்த செயலுக்காக எந்த அதிகாரியையும் கேள்வி கேட்க முடியாது என்று அதே சட்டத்தில் இன்னொரு பிரிவு இருக்கிறது. மறக்காமல் எழுதியிருக்கிறார்கள்.

விடுதலை ஆனதோடு கதை முடிந்தது என்று நானும் நினைத்தேன். ஒரு மாதம் கழித்து, அவனைப் பார்க்க அந்த நிலையத்துக்குப் போனேன். அந்த நடைமேடையில் அவன், இந்த நடைமேடையில் அவள். இருவர் கைகளும் சட்டைப் பையிலும் முந்தானையிலும் புதைந்து கிடந்தன. பார்த்துக்கொண்டு நின்றார்கள். ரயில் வந்தது. ஏறிப் போய்விட்டான். ஒரு வார்த்தை இல்லை.

அவளோடும், நான் கையோடு கூட்டி வந்திருந்த குழந்தையோடும் பேருந்தில் வீட்டுக்குப் போனேன். குழந்தைக்குக் காது நன்றாகக் கேட்கும். ஆனாலும் அம்மா அப்பாவின் மொழிதான் அவளுக்கு முதல் மொழி. சன்னல் வழியே எதையோ பார்த்துவிட்டு அம்மாவிடம் சொல்லக் கையைத் தூக்கினாள். தாய் அந்தப் பிஞ்சுக் கையைப் பிடித்து மடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். குழந்தை உருவிக்கொண்டு மறுபடி தூக்கியது. மறுபடி அழுத்தினாள்.

பெரியோர்களே, தாய்மார்களே, அந்தக் குழந்தையின் கையைப் பிடித்து அழுத்தியது யார்? எந்தக் காவலரும் அந்தப் பேருந்தில் இல்லை. எந்த விலங்கும் அங்கே இல்லை. பெற்ற தாயைக் கொண்டே பிள்ளையின் பேச்சை அடக்குகிற சட்டத்துக்குச் சிறைச்சாலை எதற்கு? இன்று கையால் பேசுகிறவன் அஞ்சுகிறான். நாளை கடிதத்தால் பேசுகிறவன் அஞ்சுவான். மறுநாள் வாயால் பேசுகிற நீங்களும் நானும் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுப் பேசுவோம், பிறகு பார்த்துவிட்டுப் பேசாமலே இருப்போம். அடங்கிய வீடு, அடங்கிய வீதி, அடங்கிய வேலையிடம். அதற்கு அமைதி என்று பெயர் வைப்பார்கள். எனக்கு அந்த அமைதி வேண்டாம். சண்டை போட்டுக்கொள்கிற கணவனும் மனைவியும் வேண்டும். அவர்கள் என்னைப் பற்றிக் குறை பேசினாலும் சரி, எதிரெதிர் நடைமேடையில் நின்று பயமில்லாமல் பேச வேண்டும்.

அவர்கள் இருவரும் இதோ, மூன்றாம் வரிசையில் இருக்கிறார்கள். வரும்போது என்னிடம் கேட்டார்கள், கூட்டத்தில் நாங்கள் பேசிக்கொள்ளலாமா என்று. வாசலில் காவலர் இருப்பார்களே என்று. கையாலேயே கூப்பிடுகிறேன்: தம்பி, எழுந்திரு. நீயும் எழும்மா. எது தோன்றுகிறதோ அதைச் சொல்லுங்கள். நான் கூட்டாமல் குறைக்காமல் அவைக்குச் சொல்கிறேன்.

சொல்கிறான். "அக்கா, ரொம்ப நேரமா பேசுற. பின்னால நிக்கிறவங்களுக்குக் கால் வலிக்கும். முடி."

நன்றாகச் சிரியுங்கள். அந்த நீதிமன்றத்துக்குப் பிறகு நாலு பேர் நடுவில் அவன் பேசிய முதல் பேச்சு இது. இருங்கள், அவளும் ஏதோ சொல்கிறாள். "நீங்க முடிக்காதீங்க அண்ணி. அந்தச் சட்டத்தை முடிங்க."

தம்பி சொன்னதை நான் கேட்டுக்கொள்கிறேன். அவள் சொன்னதை நீங்கள் கேட்டுக்கொள்ளுங்கள். பொறுமையோடு இடம் தந்த தலைவருக்கும், மறுத்துப் பேசப் பொருள் தந்த வழக்கறிஞருக்கும், கால் வலிக்க நின்று கேட்ட உங்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம்.