மணல் தட்டில் ஒரு பதுங்குகுழி

குனி. தலையைக் கீழே. இன்னும் கீழே.

டுப். அது புறப்படும் சத்தம். எண்ணுகிறேன். ஒன்று. இரண்டு. மூன்று. காற்றில் விசில். ஏழுவரை எண்ண முடிந்தால் அந்த ஷெல் நமக்கு இல்லை. ஐந்து. ஆறு. ஏழு. பின்னால் எங்கோ விழுகிறது. மண் சரிந்து கழுத்துக்குள் போகிறது.

"ஒருத்தரும் வெளிய வராதேங்கோ! படுங்கோ! படுங்கோ!"

பக்கத்துக் குழியிலிருந்து யாரோ கத்துகிறார்கள்.

2009. ஏப்ரல். தேதி தெரியாது. எங்களிடம் நாட்காட்டி இல்லை. நேரம் தெரியும். என் கணவரின் கைக்கடிகாரம் என் கையில் இருந்தது. அவர் பெப்ரவரியில், ஊரைவிட்டு ஓடிவந்தபோது, சாலையிலேயே செத்துப்போனார். குழிக்குள் நாங்கள் மூன்று பேர். நான். மகள் தர்சினி, ஒன்பது வயது. மகன் கஜன், நாலு வயது. கடற்கரை மணல். தோண்டத் தோண்டச் சரியும். சேலைகளைப் பையாகத் தைத்து, மணல் நிரப்பி, சுற்றிவர அடுக்கியிருந்தோம்.

கஜன் பசியில் அழுகிறான். வாயைப் பொத்தினேன். கையைக் கடித்தான். கஞ்சிப் பானை வெளியே அடுப்பில். குழியிலிருந்து ஆறு எட்டு எடுத்து வைக்கும் தூரம்.

சத்தம் ஓய்ந்தது. நான் நூறுவரை எண்ணினேன். ஒன்றும் வரவில்லை.

"அம்மா, நான் எடுத்துக்கொண்டு வாறன்" என்றாள் தர்சினி.

நான் தலையாட்டினேன். கஜன் என் மடியில் முகத்தைப் புதைத்திருந்தான். அவன் அதைப் பார்க்கவில்லை.

நாலு பத்து. இந்தமுறை டுப் சத்தம் கேட்கவில்லை. விசிலும் கேட்கவில்லை.

அதன்பின் நடந்ததை எழுத மாட்டேன். சொன்னதை மட்டும் எழுதுகிறேன். குழிக்குள் திரும்பி வந்து, நாலு வயதுப் பிள்ளையின் தோளைப் பிடித்து உலுக்கிச் சொன்னேன். "நீ அழாமல் இருந்திருந்தால் அக்கா இருந்திருப்பாள்."

ஒரே ஒருமுறை. கஜன் உடனே நிறுத்தினான். விளக்கை அணைத்ததுபோல.

அதற்குப் பிறகு அவன் அழவில்லை.

முகாமில் அழவில்லை. ஊசி போட்டபோது அழவில்லை. 2010 மே மாதம் சென்னைக்கு வந்து பொழிச்சலூரில் ஒற்றை அறை வீட்டுக்குக் குடி வந்தோம். அங்கும் அழவில்லை.

பொழிச்சலூரில் விமானங்கள் கூரையைத் தொட்டுக்கொண்டு இறங்கும். முதல் நாள் காலை ஒன்று வந்தது. கஜன் "கிபிர்!" என்று கத்தினான். எங்கள் ஊரில் குண்டு போட வரும் விமானத்துக்கு அதுதான் பெயர். வீட்டுக்காரரின் மனைவி சரோஜா அக்காவின் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போனான். அக்கா கனத்த உடம்பு. பாதிதான் உள்ளே போனது.

"டேய் உடுறா! பயணிங்க போற பிளேன்டா அது! இன்னாடா இது பேஜாரு!"

அவர்கள் குடும்பம் அந்த ஊரிலேயே பயிர் செய்தவர்கள். இப்போது நிலம் முழுக்க வாடகை வீடு. அக்கா சத்தமாகப் பேசுவார். நான் யாரிடமும் பேச மாட்டேன். தண்ணீர் வரவில்லை என்று சொல்லக்கூட எனக்கு வாய் வராது. அக்காவே வந்து கேட்டால்தான் உண்டு.

கஜன் கொல்லையில் குழி தோண்டினான். கரண்டியால். தேங்காய் ஓட்டால். கையால். காலையில் அவன் தோண்டுவான். மாலையில் நான் மூடுவேன்.

"உன் புள்ள நோண்டறதப் பாத்தா கெணறே வந்துடும்போல கீது" என்று அக்கா சிரித்தார்.

ஜூன் மாதம் அவன் மதில் மேலிருந்து விழுந்தான். நெற்றி பிளந்தது. ஐந்து தையல். டாக்டர் அவன் கன்னத்தைத் தட்டி, "சூப்பர் பாய். இப்படி ஒரு தைரியசாலிய நான் பாத்ததே இல்ல" என்றார். பள்ளிக்கூடத்து டீச்சரும் சொன்னார். சமத்து. மத்த பசங்க மாதிரி இல்லை. ஒரு தொல்லை கிடையாது. எல்லோரும் புகழ்ந்தார்கள். நான் தலை குனிந்து நின்றேன். அந்தப் பிள்ளை இரவில் பாயை நனைப்பது அவர்களுக்குத் தெரியாது. தனக்குப் பசிக்கிறது என்று அவன் சொல்வதே இல்லை என்பதும் தெரியாது. தட்டில் வைத்தால் தின்பான். வைக்காவிட்டால் இருப்பான்.

சரோஜா அக்கா ஒருத்தர்தான் பயந்தார்.

"இவ்ளோ ரத்தம் வந்துகினு கீது, கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வரல. இது நல்லதுக்கில்ல. நீ வா எங்கூட."

அக்காவின் தங்கை மகனுக்குப் பேச்சு வர நாளானபோது போன இடம் ஒன்று. மேற்குத் தாம்பரத்தில், மருந்துக் கடைக்கு மேலே, மாடியில் இரண்டு அறை. அங்கே வைத்தியம் விளையாட்டுதான் என்றார். எனக்கு நம்பிக்கை இல்லை. விளையாட இவ்வளவு தூரமா என்று நினைத்தேன். வாயைத் திறந்து கேட்கவில்லை. போனேன்.

பிரேமா மிஸ். என் வயதுதான் இருக்கும். அவருடைய அறையில் மேசை கிடையாது. தரையில் பாய். அலமாரி நிறையப் பொம்மைகள். நடுவில் அகலமான மரத்தட்டு, அதில் மணல்.

மணலைப் பார்த்ததும் நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். கஜன் நேரே போய்த் தோண்டத் தொடங்கினான்.

ஓடிப்போய் மூடினேன். "குழி வேண்டாம். வீடு கட்டு அப்பன். மரம் நடு."

மிஸ் என் கையை மெதுவாகப் பிடித்துக்கொண்டார். "அம்மா, இங்க அவன் என்ன பண்றானோ அதுதான் அவன் பேசறது. நமக்கு நடந்தத சொல்ல வார்த்தை இருக்கு. சின்னப் பசங்களுக்கு அது இல்ல. பொம்மைய வச்சுத்தான் சொல்லுவாங்க. நாம பாதியில போய் திருத்தினா, வாயைப் பொத்தற மாதிரி."

வாயைப் பொத்தினதை நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

வாரம் ஒருநாள். புதன்கிழமை. பம்மல் வழியாகப் பல்லாவரத்துக்கு பஸ். அங்கிருந்து தாம்பரத்துக்கு ரயில். நான் வெளியே பெஞ்சில். கதவில் சின்னக் கண்ணாடி. அவன் ஒவ்வொரு வாரமும் ஒரே விளையாட்டுத்தான் விளையாடினான். குழி. சுற்றிவரத் துணிச் சுருட்டு. உள்ளே எல்லாப் பொம்மையும். மாடு, போலீஸ்காரர், கோழி, லாரி டிரைவர். எல்லோருக்கும் இடம் இருந்தது. ஒரே ஒரு சின்ன ரப்பர் யானை மட்டும் வெளியே. அதன் வாயில் மணலை அடைத்து வைப்பான்.

மிஸ் எதையும் திருத்த மாட்டார். "யானை வெளிய இருக்கு" என்பார். "வாயில மண்ணு இருக்கு" என்பார். அவ்வளவுதான். அவர் தடுக்காதபடியால் கஜன் மெல்ல மெல்லப் பேசினான். மூன்றாம் வாரம் மிஸ்ஸிடம் தண்ணீர் கேட்டான். ஒன்றேகால் வருடத்தில் அவனாக வாய் திறந்து ஒன்று கேட்டது அதுதான். நான் பெஞ்சில் இருந்து கேட்டேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

செப்டெம்பரில் ஒரு புதன். மிஸ் கதவைத் திறந்தார். "உங்கள விளையாடக் கூப்பிடறான். அவன் சொல்றத மட்டும் செய்யுங்க. எதுவும் கத்துக்கொடுக்க வேண்டாம்."

தரையில் உட்கார்ந்தேன். கஜன் அந்தச் சின்ன யானையை என் கையில் வைத்தான். தான் பெரிய யானை ஒன்றை எடுத்துக்கொண்டான்.

"நீங்கள் சின்னன். அழுங்கோ."

எனக்கு அழுகை வரவில்லை. சும்மா ஒரு சத்தம் போட்டேன்.

"வடிவா அழுங்கோ. பசிக்குது எண்டு அழுங்கோ."

அழுதேன். அவன் ஒரு சின்னப் பெண் பொம்மையைக் குழியிலிருந்து எடுத்தான். ஆறு எட்டு நடத்தினான். சரியாக ஆறு. பிறகு அதன் மேல் மணலைப் போட்டான். பெரிய யானையைத் தூக்கி என் முகத்துக்கு நேரே கொண்டுவந்து உலுக்கினான்.

"நீ அழாமல் இருந்திருந்தால் அக்கா இருந்திருப்பாள்."

என் குரல். என் இழுப்பு. ஒரு சொல்கூட மாறவில்லை.

மேலே மின்விசிறி சுற்றும் சத்தம். கீழே தெருவில் ஆட்டோ ஹாரன். மிஸ் அசையவில்லை. எழுந்து ஓடிவிட வேண்டும்போல் இருந்தது. அவனைக் கட்டிப்பிடித்து, நான் அப்படிச் சொல்லவில்லை என்று சொல்ல வேண்டும்போலவும் இருந்தது. ஆனால் நான் சின்ன யானை. சின்ன யானைதான் பேச வேண்டும்.

"அம்மாதான் அக்காவைப் போகச் சொன்னவ" என்றேன். "தலையாட்டினவ. நான் அதைப் பாக்கேல்லை."

கஜன் என்னைப் பார்த்தான். யானையை அல்ல. என்னை.

"உண்மையாவோ?"

"உண்மை. நான் சின்னப்பிள்ளை. பசிச்சது. அழுதனான். அவ்வளவுதான்."

அவன் கை நீட்டினான். என் கையிலிருந்து சின்ன யானையை வாங்கினான். அதன் வாயிலிருந்த மணலை விரலால் தோண்டி எடுத்தான். குழிக்குள், கோழிக்குப் பக்கத்தில் வைத்தான். பிறகு பெரிய யானையை எடுத்துக் குழிக்கு வெளியே, தட்டின் ஓரத்தில் வைத்தான்.

நான் எதுவும் திருத்தவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு புதனும் பெரிய யானை வெளியேதான். வீட்டில் அவன் என்னோடு பேசுவதைக் குறைத்தான். சரோஜா அக்கா மடியில் போய்ப் படுத்தான். எனக்கு அது வேண்டியதுதான். மிஸ்ஸிடம் கேட்டேன். "கோவம் வருதுன்னா நல்லதுதான்மா. இவ்ளோ நாளா அந்தக் கோவத்த அவன் தன் மேலயே வச்சிருந்தான். நீங்க தாங்குவீங்களான்னு பாக்கறான். தாங்குங்க."

தாங்கினேன்.

அக்டோபர். புதன். தாம்பரத்திலிருந்து திரும்புகிறோம். மாலை ஐந்தரை. பெட்டியில் நிற்க இடமில்லை. குரோம்பேட்டையில் கூட்டம் முண்டியடித்து இறங்கியது. யாரோ மிதித்ததில் கஜனின் ஒரு செருப்பு கழன்று, பெட்டிப் படிக்கும் நடைமேடைக்கும் இடையில் விழுந்தது. ரயில் நகர்ந்தது. அவன் எட்டிப் பார்த்தான். செருப்பு பின்னால் போனது.

அவன் உதடு கோணியது. நெஞ்சு ஒருமுறை மேலே ஏறியது. பிறகு அழுதான்.

வாயை முழுதாகத் திறந்து. மூக்கு ஒழுக. "என்ர செருப்பு! என்ர செருப்பு!" பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"இன்னாமா, ஒரு செருப்புக்கா இந்தக் கத்து கத்துறான்? வாயைப் பொத்துமா, காது கிழியுது!" ஒரு பெரியவர்.

நான் யாரோடும் பேசாதவள். அன்று பேசினேன். அந்தச் சத்தத்துக்கு மேலாகக் கத்த வேண்டியிருந்தது.

"அழட்டும் சார்! விடுங்கோ! அவன் அழட்டும்!"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கஜன் பல்லாவரம் வரை அழுதான். பஸ்ஸில் அழுதான். பம்மலில் அழுதான். பொழிச்சலூரில் தெருமுனையிலேயே சரோஜா அக்காவுக்குக் கேட்டுவிட்டது. கையில் கரண்டியோடு ஓடி வந்தார்.

"அழுவுறானா? நெசமாவா? இரு, அவசரப்பட்டு வாங்கிக் குடுத்துடாத செருப்ப. இன்னும் கொஞ்சம் அழுவட்டும்!"

சொல்லிவிட்டு அவரும் அழுதார்.

மறுநாளும் விமானம் வந்தது. கஜன் கட்டிலுக்கு அடியில் போனான். அது நிற்க இன்னும் இரண்டு வருடம் ஆனது. பாய் நனைவது அடுத்த ஆடியில் நின்றது. ஒரே நாளில் எதுவும் சரியாகவில்லை. அதையும் எழுத வேண்டும். மிஸ்ஸிடம் போன கடைசிப் புதன்வரை பெரிய யானை குழிக்கு வெளியேதான் இருந்தது. ஆனால் அன்று அதன் மேல் ஒரு துணியைப் போர்த்திவிட்டு வந்தான்.

இப்போது அவனுக்கு இருபது வயது. விமானம் இறங்கும்போது பேச்சை நிறுத்துவான். போனபின் விட்ட இடத்திலிருந்து தொடர்வான். பொழிச்சலூரில் எல்லோரும் அப்படித்தான் பேசுவார்கள். அதனால் வேறு யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் அவன் உதடு எண்ணும்.

இதை எழுத உட்கார்ந்தபோது, ரயிலில் சொன்னதை எழுதுவேன், குழியில் சொன்னதை விட்டுவிடுகிறேன் என்றேன். "அதையும் எழுதுங்கோ அம்மா. அதை முதல் எழுதுங்கோ" என்றான். எழுதிவிட்டேன்.

நாங்கள் இழந்தது:

கணவர். முப்பத்தெட்டு வயது. பெப்ரவரி, சாலையில். புதைக்க நேரம் கிடைத்தது.

மகள் தர்சினி. ஒன்பது வயது. ஏப்ரல், நாலு பத்து. அடுப்புக்கும் குழிக்கும் நடுவே. நேரம் கிடைக்கவில்லை.

வீடு ஒன்று. கிணறு ஒன்று. பசு இரண்டு. தையல் மெஷின் ஒன்று.

கூறைச் சேலை ஒன்று. மணல் நிரப்பித் தைத்தது.

தர்சினியின் படங்கள். எல்லாம்.

ஒரு நாலு வயதுப் பிள்ளையின் அழுகை. பதினெட்டு மாதம்.

மற்றதையெல்லாம் எடுத்தது போர். கடைசியில் எழுதியிருப்பதை எடுத்தவள் நான்.